பத்தே அச்சுகள், பன்னிரண்டு கோபுரங்கள்

சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடத்துக்கு ‘டிம்சம் கூடை’ என்று செல்லப்பெயர். சீன உணவுக்கடைகளில் ஆவி பறக்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மூங்கில் கூடைகள். கீழே ஒடுங்கி, மேலே போகப் போக அகன்று, வட்டம் வட்டமாக எட்டு மாடி உயரத்துக்கு நிற்கும் பன்னிரண்டு கோபுரங்களைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாதுதான். அதிகாரபூர்வமாக முதலில் ‘லேர்னிங் ஹப்’ என்றார்கள். இப்போது ‘தி ஹைவ்’. 2015 மார்ச் 10 அன்று திறப்பு விழா நடந்தது. செலவு 4.5 கோடி சிங்கப்பூர் வெள்ளி.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். பிழைப்பு சிங்கப்பூரில், ப்ரீகாஸ்ட் யார்டில். சுவர், தூண், படிக்கட்டு எல்லாவற்றையும் ஓர் இடத்தில் வைத்து வார்த்து, இறுகியபின் டிரெய்லரில் ஏற்றி, கட்டும் இடத்தில் கிரேனால் தூக்கிப் பொருத்துவதுதான் ப்ரீகாஸ்ட். வார்த்தெடுத்த பலகையில் ஓட்டை, விரிசல், கோணல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஹைவ் எழும்பியபோது நான் அந்தப் பக்கமே போனதில்லை. என் யார்டிலிருந்து அங்கே ஒரு பலகையும் போகவில்லை. ஆனாலும் அந்தக் கட்டடத்தின்மேல் எனக்கு ஒரு தொழில்முறைப் பொறாமை உண்டு. எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் விசித்திர உருவத்தையே எழுதுகிறார்கள். உருவத்தைக் காகிதத்தில் வரைவதில் என்ன இருக்கிறது? வளைவும் சாய்வுமான அந்த உருவத்தைக் கைக்கு அடங்கிய காசில் எப்படி வார்த்தெடுத்தார்கள் என்பதுதான் எங்கள் ஆட்கள் வியக்க வேண்டிய சங்கதி.

முதலில், இப்படி ஒரு கட்டடம் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய பாணிக் கல்லூரிக் கட்டடம் நமக்குத் தெரியும். நீண்ட நடைபாதை, இருபுறமும் பெட்டி பெட்டியாக அறைகள், ஒரு கோடியில் கரும்பலகை, மறு கோடியில் தூங்குகிறவர்கள். இணையம் வந்தபின் பாடத்தை வீட்டிலேயே படமாகப் பார்த்துவிடலாம். வகுப்புக்கு வருவது பேசவும், வாதிடவும், சேர்ந்து கணக்குப் போடவும்தான் என்ற முறைக்கு நன்யாங் மாறிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஐந்நூறு பேர் உட்காரும் விரிவுரை மண்டபம் தேவையில்லை. சிறுகுழுக்கள் உட்காரும் அறைகள் நிறைய வேண்டும். ஹைவில் அப்படி 56 அறைகள் இருக்கின்றன. எந்த அறைக்கும் மூலை கிடையாது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று சொல்லவும் முடியாது. ஆசிரியர் நடுவில் நடமாடுவார். மாணவர்கள் மேசைகளைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காருவார்கள். பன்னிரண்டு கோபுரங்களுக்கும் நடுவே, தரையிலிருந்து கூரை வரை ஒரு பெரிய திறந்தவெளி. எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் அந்த வெளியைச் சுற்றிய மாடத்தில்தான் கால் வைக்க வேண்டும். எதிர்மாடத்தில் நிற்கிறவர் கண்ணில் படாமல் போக முடியாது. வேறு துறைப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்ள வேண்டும் என்றே போட்ட திட்டம் இது.

வடிவமைத்தது லண்டனைச் சேர்ந்த தாமஸ் ஹெதர்விக்கின் ஸ்டூடியோ. 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் பிரிட்டன் அரங்கையும், 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தீபக் கொப்பரையையும் செய்தவர் இவர். படித்தது கட்டடக்கலை அல்ல, முப்பரிமாண வடிவமைப்பு. பொருளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து வேலை செய்யும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். உள்ளூரில் கட்டடக்கலைப் பொறுப்பை ஏற்றது சி.பி.ஜி. கன்சல்டன்ட்ஸ். பெயர் புதிதாக இருந்தாலும் ஆள் பழையவர்: சிங்கப்பூர் அரசின் பொதுப்பணித் துறையைத்தான் 1999இல் நிறுவனமாக மாற்றினார்கள். அதே வளாகத்தில் புல் முளைத்த சரிவுக் கூரையோடு படுத்திருக்கும் கலை, வடிவமைப்பு, ஊடகக் கல்லூரியும் இவர்கள் கைவண்ணமே. ஹைவுக்கான பாராட்டு பெரும்பாலும் லண்டன் பெயருக்குப் போய்விட்டது. இந்த ஊர் விதிமுறையும் வெயிலும் மழையும் தெரிந்த கை ஒன்று கூட இருந்ததால்தான் அது நிற்கிறது என்பது என் எண்ணம்.

இனி கான்கிரீட்டுக்கு வருகிறேன். உள்ளூர்க் கட்டட விதிகளையும் பசுமைக் கட்டடம் வேண்டும் என்ற இலக்கையும் சேர்த்துப் பார்த்தபோது, கான்கிரீட்டைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கான்கிரீட் என்றால் மக்களுக்குச் சாம்பல் நிறச் சலிப்பு. சிங்கப்பூரில் பெரும்பாலும் அதன்மேல் பூச்சுப் பூசி, வண்ணம் அடித்து, ஓடு ஒட்டி மறைத்துவிடுவோம். மறைக்கப்போகிறோம் என்று தெரிந்தால் வேலையில் ஒரு தளர்ச்சி வரும். ‘பேட்ச்’ பண்ணிக்கலாம், பெயின்ட் மூடிவிடும். ஹைவில் மறைப்பு கிடையாது. வார்த்தது எப்படி வந்ததோ அப்படியே உலகத்துக்குத் தெரியும். இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது பலகையில் கை வைத்துத் துளை எண்ணுகிறவனுக்குத்தான் புரியும்.

ப்ரீகாஸ்ட் தொழிலின் கணக்கு எளிது. அச்சுக்குத்தான் காசு. இரும்பில் ஓர் அச்சு செய்தால் அதில் நூறு பலகை வார்க்கலாம். நூறும் ஒரே மாதிரி இருந்தால் அச்சின் செலவு நூறாகப் பிரிந்து ஒன்றுமில்லாமல் போகும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகள் வேகமாக எழும்புவதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதே சமயம், ஒவ்வொரு பலகையும் வேறு வேறு வளைவு என்று கட்டடக்கலைஞர் வந்து நின்றால் எங்கள் முதலாளி நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார். ஹைவின் கோபுரங்கள் வட்டமானவை. மாடிக்கு மாடி அகலம் மாறுகிறது. அதனால் பலகையின் வளைவும் மாறும். சாதாரணமாகப் பார்த்தால் இது எண்ணற்ற அச்சுகள் கேட்கும் வேலை.

அவர்கள் பத்து அச்சுகளில் முடித்தார்கள்.

அந்தப் பத்தும் தேவைக்கேற்ப மாற்றியமைக்கக்கூடிய சிலிக்கோன் அச்சுகள். சிலிக்கோன் வளையும், இரும்பு வளையாது. இரும்பு அச்சில் ஆழமான வரிகளும் மேடு பள்ளங்களும் வைத்தால், பலகையைத் தூக்கும்போது விளிம்பு உடைந்துவிடும். சிலிக்கோனைத் தட்டில் கவிழ்த்த இட்லியிலிருந்து துணியை உரிப்பதுபோல் உரித்து எடுக்கலாம். பலகையின் முகம் கெடாது. பலகைகளின் மேல் ஓடும் கோடுகளெல்லாம் கிடைமட்டமானவை. இதில் ஒரு தந்திரம் இருப்பதாக நினைக்கிறேன். பார்க்கிறவர் கண் கோட்டைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தைச் சுற்றியே ஓடும். இரண்டு பலகைகள் சேரும் செங்குத்து இணைப்பில் நிற்காது. தவிர, கான்கிரீட்டின் நிறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறும். சிமெண்ட் லோடு மாறினால், மணலில் ஈரம் கூடினால், அச்சில் தடவும் எண்ணெய் கூடக் குறைய இருந்தால் பலகை ஒரு சாயல் வெளுக்கும் அல்லது கறுக்கும். வழவழப்பான சுவரில் அது தேமல் மாதிரி தெரியும். மேடும் பள்ளமும் நிழலும் உள்ள சுவரில் யாருக்கும் தெரியாது. முழுக் கட்டடமும் ஈரக் களிமண்ணில் கையால் பிடித்து வைத்ததுபோல் இருக்க வேண்டும் என்பதே வடிவமைப்பாளர்களின் ஆசை. அந்த ஆசை யார்டில் வேலை செய்கிறவனுக்கும் வசதியாக அமைந்ததுதான் இந்தக் கட்டடத்தின் புத்திசாலித்தனம் என்பேன்.

தூண்கள் இன்னொரு கதை. மொத்தம் 61, எல்லாம் சாய்ந்தவை. கோபுரம் மேலே அகலும்போது தூணும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தாக வேண்டும். நேர்த்தூண் பாரத்தை நேராகக் கீழே இறக்கிவிடும். சாய்ந்த தூணின் மேல்முனை வெளியே நகரப் பார்க்கும். அதை உள்ளே இழுத்துப் பிடிப்பது பொதுவாக மாடித்தளமும் அதற்குள் கிடக்கும் கம்பியும். தளம் இறுகிப் பலம் பெறும்வரை முட்டுக்கொடுத்தே காக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றுவதும் தொல்லை. வைப்ரேட்டர் வைத்து அதிர்த்தால் உள்ளே மாட்டிய காற்றுக் குமிழிகள் நேராக மேலே ஏறும். நேர்த்தூணில் அவை உச்சி வழியே வெளியேறிவிடும். சாய்ந்த தூணில் மேற்பக்க அச்சுப்பலகையில் போய் முட்டி அங்கேயே தங்கிவிடும். அச்சைப் பிரித்தால் அந்த முகம் முழுக்கத் துளை. ஹைவின் தூண்களில் அலை அலையான ஒரு புடைப்பை இந்தத் திட்டத்துக்கென்றே உருவாக்கிப் பதித்திருக்கிறார்கள். அழகுக்காகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அந்த அலைக்குள் எத்தனை துளைகள் மறைந்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில், லெம்பு ரோடு திடலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது இதைச் சொன்னேன். அறந்தாங்கித் தம்பி ஒருவன், பார்ம்வொர்க் (அச்சுப்பலகை) வேலைக்காரன், வேறு சைட்டில் சாய்ந்த தூணுக்குப் பலகை அடித்து நொந்தவன். “அண்ணே, நேர்த்தூணுக்குத் தூக்குக்குண்டு போட்டா முடிஞ்சது. சாஞ்ச தூணுக்குக் கண்ணும் நம்பாது, கையும் நம்பாது. சர்வேயர் வந்து கருவி வச்சு ‘சரி’ன்னு சொன்னாலும் ராத்திரி தூக்கம் வராதுண்ணே” என்றான். பக்கத்திலிருந்த கம்பி கட்டுகிறவர், “தூணுக்குள்ள கம்பியும் சாஞ்சுதானடா நிக்கணும், அதைக் கட்டுறவன் முதுகை யாரு நிமித்துறது?” என்று கேட்டுவிட்டு டீயை உறிஞ்சினார்.

படிக்கட்டும் மின்தூக்கியும் இருக்கும் கூடுகளின் சுவர்களை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சாரா ஃபனெல்லி என்ற ஓவியரிடம் சொல்லி வரைந்து வாங்கிய 700 சித்திரங்கள் கான்கிரீட்டிலேயே புடைப்பாகவும் குழிவாகவும் வார்க்கப்பட்டிருக்கின்றன. அறிவியல், கலை, இலக்கியம் எல்லாவற்றிலிருந்தும் எடுத்தவை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். இன்னதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாதபடி வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். எனக்கு எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் கூட்டம் அதிகம். ஆனால் சித்திரத்தின் கோட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். முனை மழுங்காமல் கோடு வந்திருக்கிறது என்றால், அச்சைப் பிரித்தவன் அவசரப்படவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது வெயில். ஆண்டு முழுக்க 25 முதல் 31 டிகிரி வரை, அதோடு காற்றில் ஈரம். சிங்கப்பூரில் கட்டடம் என்றாலே மூடிய பெட்டி, உள்ளே ஏர்கான் என்று பழகிவிட்டோம். ஹைவின் நடுவெளியும் மாடங்களும் திறந்தவை, ஏர்கான் இல்லை. கோபுரங்களுக்கு இடையே விட்ட இடைவெளிகள் வழியாகக் காற்று நுழைந்து சுற்றிவரும். கீழே கோபுரங்கள் ஒடுங்கியிருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே நடந்து வரலாம். மேலே அகன்றிருப்பதால் கீழ்மாடிக்கு மேல்மாடியே குடை. அறைகளுக்குள் மட்டும் குளிரூட்டல் உண்டு, அதுவும் விசிறி இல்லாமல். சுவரோரக் குழாய்ச் சுருள்களில் குளிர்ந்த தண்ணீர் ஓடும். அதைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, தரைக்கு இறங்கிப் பரவும். ஆட்களின் உடற்சூட்டில் சூடாகி மேலே ஏறும். மறுபடி குழாயிடம் வரும். சத்தமே இல்லை, விசிறி ஓட்டும் மின்சாரம் மிச்சம். இதில் ஒரு நிபந்தனை உண்டு: கதவைத் திறந்து போட்டால் வெளி ஈரம் நுழைந்து குழாய் வியர்க்கத் தொடங்கும். கட்டடத்துக்குச் சிங்கப்பூரின் அன்றைய உச்சப் பசுமைச் சான்றிதழான ‘கிரீன் மார்க் பிளாட்டினம்’ கிடைத்தது.

அங்கே படித்த பெண் ஒருத்தி எங்கள் அடுக்குமாடியிலேயே இருக்கிறாள். கட்டடத்தைப் பற்றி நான் சிலாகித்ததைக் கேட்டுவிட்டு, “அங்கிள், வெளியிலேருந்து பாக்க அழகுதான். முதல் வாரம் ரூம் தேடிப் பாருங்க. எல்லாமே வட்டம், நடந்து நடந்து கிளம்பின இடத்துக்கே வந்துடுவோம்” என்றாள். வகுப்பறை எப்படி என்றேன். “பின்னாடி பெஞ்சே கிடையாது அங்கிள். ஒளிய இடமில்லை” என்றாள். முதல் குறை நியாயமானது. பன்னிரண்டு கோபுரங்களும் ஒரே சாயலில் இருந்தால் வழி குழம்பத்தான் செய்யும். அச்சைச் சிக்கனம் செய்ததற்கு அது ஒரு விலை. இரண்டாவதைக் கேட்டால் கட்டியவர்கள் மகிழ்வார்கள்.

இந்தக் கட்டடத்தைச் சிங்கப்பூரிலேயே சிறந்த பல்கலைக்கழகக் கட்டடம் என்று சொல்வீர்களா என்று கேட்டால், இல்லை என்பேன். வெப்பநாட்டுக்கு ஏற்ற கட்டடம் என்று பார்த்தால் கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி.இ.4 ஒரு படி மேல். 2019 ஜனவரியில் திறந்த ஆறு மாடிக் கட்டடம் அது. செரீ, மல்டிப்ளை ஆகிய இரு நிறுவனங்களின் வடிவமைப்பு. நீண்டு துருத்தும் கூரை நிழல் தரும். கூரைமேல் 1,200க்கும் அதிகமான சூரியத் தகடுகள். தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வகையில் கட்டியது. உள்ளே காற்றை வழக்கம்போல் கடுங்குளிராக அனுப்பாமல் மிதமாகக் குளிர்வித்து, மின்விசிறியைச் சுழலவிட்டிருக்கிறார்கள். நம் ஊர் அறிவு அது. ஆனால் உருவம் நேர்க்கோடுதான். யாரும் நின்று படம் எடுப்பதில்லை. ஹைவ் இருக்கும் அதே வளாகத்தில் ஜப்பானின் டோயோ இட்டோ வடிவமைத்த ‘காயா’ 2023இல் வந்துவிட்டது. 43,500 சதுர மீட்டர், பெரும்பகுதி மரம். ஐரோப்பிய மரத்தைப் பலகையாக ஒட்டி, அளவெடுத்து வெட்டிக் கொண்டுவந்து பொருத்தியது. அதுவும் ஒருவகையில் ப்ரீகாஸ்ட்தான், கான்கிரீட் இல்லாத ப்ரீகாஸ்ட். எங்கள் தொழிலுக்குப் போட்டி என்பதால் அதைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை.

தேக்காவுக்கு வருகிறவர்கள் இப்படி ஒரு கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்க, நன்யாங் இருக்கும் ஜூரோங் வரை போக வேண்டியதுகூட இல்லை. ரோச்சோர் கால்வாயைத் தாண்டி மெக்நாலி தெருவுக்கு நடந்தால் லாசால் கலைக்கல்லூரி. ஆர்.எஸ்.பி. நிறுவனம் வடிவமைத்து 2007இல் வந்த வளாகம். வெளியே கறுத்த பாறைபோல் இறுகி நிற்கும். உள்ளே புகுந்தால் எல்லாம் கண்ணாடி, எல்லாம் கோணல், நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. இப்போது சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கம். ஞாயிறு மாலையில் நம் ஆட்கள் நூற்றுக்கணக்கில் அந்தப் பக்கம் நடக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் திடலில் ஒரு கையும் எழவில்லை.

ஹைவ் நிற்கும் மண்ணுக்கு இன்னொரு பழைய வரலாறு உண்டு. 1950களில் டான் லார்க் சை முன்னின்று நன்யாங் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது ஹொக்கியன் சங்கம் நிலம் கொடுத்தது. ட்ரைஷா ஓட்டியவர்கள்கூடத் தங்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். ங் கெங் சியாங் வடிவமைத்த அன்றைய நிர்வாகக் கட்டடம் இன்று தேசிய நினைவுச்சின்னம். ட்ரைஷாக்காரர்கள் கொடுத்த காசு வரலாற்றில் ஏறிவிட்டது. பாராட்ட வேண்டியதுதான். கட்டிய கைகளின் பெயர் எங்கே ஏறுகிறது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டு, கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரைச் சொல்கிறது. நாவிதர் பெயரைக்கூட விடவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வழக்கம் அது. நான் வேலை செய்த கட்டடங்களின் திறப்புவிழாப் பலகைகளில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கும், அவ்வளவுதான். ஹெதர்விக் ஸ்டூடியோ அதன்பின் இதே ஊரில் ‘ஈடன்’ அடுக்குமாடியை முடித்தது. இப்போது சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனைய வடிவமைப்பிலும் பங்கெடுக்கிறது. அந்த முனையத்தின் தூண்களுக்கும் கம்பி கட்டவும் பலகை அடிக்கவும் அறந்தாங்கியிலிருந்தும் வங்கதேசத்து ராஜ்ஷாஹியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அங்கே பயணிகள் நடக்கும் வழியில் ஒரு சுவரில், பெரிய எழுத்தில் வேண்டாம், அவர்கள் பெயரையும் வார்த்துவிடுங்கள். பத்து அச்சில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தைச் சுற்றிப் பலகை வார்த்தவர்களுக்குப் பதினோராவது அச்சு ஒரு செலவே இல்லை.